நூற்றுத் தொண்ணூறு நாள் பச்சை

தன்னிடம் டென்னிஸ் படிக்கும் பிள்ளைகளில் ஒருவரையும் சித்ரகலா இதுவரை திட்டியதில்லை. அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அவிநாசிபாளையம் சாலையில், ஒரு பனியன் கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மண் மைதானங்களுக்கு வெளியே, காலை ஐந்தரை மணிக்கு அவருடைய ஸ்கூட்டர் வந்து நிற்கும். அதுவரை கத்திக்கொண்டிருந்த இருபத்தாறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்குப் பெயர் மரியாதை என்று அவர் நினைத்திருந்தார்.

நினைத்ததில் தப்பில்லை. அவர் எல்லாரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார். எட்டு வயதுப் பிள்ளையிடமும் "வாங்க கண்ணு", "பேட்டை எடுங்க கண்ணு"தான். கொங்கு நாட்டில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் நிதிஷ் என்ற பன்னிரண்டு வயதுக்காரன் ஒருமுறை விளக்கிச் சொன்னான்: "எங்கப்பா 'டேய்'னு கூப்புட்டா அடி விழும், அத்தோட முடிஞ்சுது. மேடம் 'ஏனுங்க கண்ணு'ன்னு கூப்புட்டா எனக்கு ஒண்ணுக்கு வந்துரும்." இரண்டையும் அனுபவித்தவன் என்ற முறையில் ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி அவனுக்கு உண்டு.

சித்ரகலா பிறந்தது குண்டடத்துக்குப் பக்கத்தில். அப்பா நல்லானுக்கு மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மாறி மாறிப் போடும் மூன்று ஏக்கர். அம்மா மயிலாளுக்கு அந்த மூன்று ஏக்கரைப் பற்றிய கவலை. மழை பெய்தால் வெங்காயம் அழுகிவிடும் என்று பயம், பெய்யாவிட்டால் சோளம் கருகிவிடும் என்று பயம். எந்தப் பயமும் இல்லாத நாளில், எதையோ மறந்துவிட்டோம் என்று பயம். அந்த வீட்டில் வளர்ந்தவருக்குப் பயம் என்பது பொறுப்பின் இன்னொரு பெயராகவே பழகிப் போனது.

பள்ளிக்கூடத்தில் அவர் வட்டு எறிந்தார். அந்த விளையாட்டு ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்தது. அங்கே பெண்கள் டென்னிஸ் அணிக்கு ஓர் ஆள் குறைந்ததால், உடற்கல்வி இயக்குநர் அவருடைய தோளைப் பார்த்துவிட்டுக் கையில் மட்டையைக் கொடுத்தார். அற்புதமான மனிதர். மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். பந்து வெளியே போனால் "பரவால்ல, ஆடுங்க" என்பார். உள்ளே விழுந்தாலும் அதையே சொல்வார். மூன்று வருடம் சித்ரகலா சிரித்துக்கொண்டே ஆடினார். கடைசி வருடம், பல்கலைக்கழகப் போட்டியின் அரையிறுதியில், ஐந்துக்கு இரண்டு என்று முன்னால் இருந்துவிட்டு, சர்வீஸ் வரிசையாகச் சொதப்பித் தோற்றார். இயக்குநர் வந்து தோளைத் தட்டி "பரவால்ல" என்றார். அந்தச் சொல்லை மட்டும் சித்ரகலா மன்னிக்கவே இல்லை. வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமாக இருந்த மூன்று வருடங்களிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம், சந்தோஷமாக இருக்கக் கூடாது என்பது.

படிப்பு முடிந்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் க்யூசி வேலை. பதினோரு வருடம் பார்த்தார். தைத்து வரும் துணியில் குறை பார்க்கும் வேலை அது. அங்கே ஒவ்வொரு தையல் மெஷினுக்கு மேலும் ஓர் அட்டை தொங்கும். ஒரு சுற்றுக்கு ஒரு டெய்லரிடமிருந்து ஏழு பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்றிலும் குறையில்லை என்றால் பச்சை அட்டை. ஒன்றில் இருந்தால் மஞ்சள். அதற்கு மேல் போனால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மெஷினை நிறுத்திவிட வேண்டும். ஊசி மொட்டையா, நூல் இறுக்கமா, துணியே கோளாறா என்று காரணம் கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி ஓட்டலாம். சிவப்பு என்பது தண்டனை இல்லை, உதவி, என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வகுப்பில் டெய்லர்கள் இருக்கமாட்டார்கள்.

ராமாத்தாள் என்று ஓர் ஓவர்லாக் டெய்லர் அங்கே இருந்தார். அவர் மெஷினுக்கு மேல் நான்கு மாதமாகப் பச்சை தவிர வேறு நிறம் ஏறவில்லை. மற்றவர்கள் அவரை உதாரணமாகக் காட்டினார்கள். சித்ரகலாவுக்கு மட்டும் உறுத்தியது. மெஷின் தப்பு செய்கிறது, நூல் தப்பு செய்கிறது, மனுஷி எப்படிச் செய்யாமல் இருப்பார்? ஒரு மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது ராமாத்தாளின் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த வேஸ்ட் மூட்டையைக் கவிழ்த்தார். அடியில் முப்பத்தெட்டு டேமேஜ் பீஸ்கள், நான்காக அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே என்று சித்ரகலா மிகவும் தன்மையாகத்தான் கேட்டார். ராமாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்ககிட்டச் சொல்றதுக்கு, வெரல்ல ஊசி ஏறுனாக்கூடத் தேவலைங்க."

இந்தக் கதையைச் சித்ரகலா பல வருடம் பலரிடம் சொல்லியிருக்கிறார். தன் கண்ணின் கூர்மைக்கு உதாரணமாகச் சொன்னார்.

கம்பெனி முதலாளி செங்கோட்டையன் தன் மகளுக்காக அந்த இரண்டு மைதானங்களைப் போட்டார். மண் கெட்டிப்படுவதற்குள் மகள் படிக்க வெளிநாடு போய்விட்டாள். ஆடிய கை ஒன்று தன்னிடமே வேலை பார்ப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. க்யூசி சித்ரகலா கோச் சித்ரகலா ஆனது அப்படித்தான். வரும்போது ஸ்டோரில் கிடந்த பழைய அட்டைகளில் மூன்று நிறத்திலும் ஒரு கட்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

கம்பி வேலியில் ஒரு பலகை. பலகையில் பெயர்கள். பெயருக்கு நேரே ஒரு கொக்கி. தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையும் எல்லாரும் பார்க்க ஏழு சர்வீஸ் போட வேண்டும். ஏழும் கட்டத்துக்குள் விழுந்தால் பச்சை. ஒன்று தவறினால் மஞ்சள். இரண்டு தவறினால் சிவப்பு. சிவப்பு விழுந்தவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார வேண்டும். மேடம் பக்கத்தில் வந்து நின்று, "என்ன காரணமுங்க கண்ணு?" என்று கேட்பார். காரணம் சொன்ன பிறகு எழுந்து ஆடலாம். டெய்லருக்காவது ஊசியைக் கழற்றிக் காட்ட வழியிருந்தது. பத்து வயதுப் பிள்ளை எதைக் கழற்றிக் காட்டும்?

பெற்றோர்களுக்குப் பலகையை ரொம்பப் பிடித்துவிட்டது. பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். அவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தினமும் ஏழு மணிக்குப் பலகையின் போட்டோ வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். டென்னிஸில் எண்ணிக்கை எப்படிப் போகும் என்று தெரியாத அப்பாக்களுக்கும் நிறம் தெரிந்தது. சித்ரகலாவின் கணவர் பிரபாகர் ஒரு சாயப்பட்டறை லேபில் நிறம் சேர்ப்பவர், அதிகம் பேசாதவர். அவர் மட்டும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நல்லவேளை, ஊட்டுல மாட்டலீங்க. எனக்கு எந்நாளும் செவப்புதான்" என்றார். சித்ரகலா அதற்குச் சிரித்தார். கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் எந்தக் கேள்வியும் எழாது. காய்ச்சல், திருவிழா, மழை எதற்கும் யாரும் நிற்பதில்லை. வராத நாளுக்கும் சிவப்பு என்று ஒரு விதி இருந்தது. பக்கத்து ஊர்களில் நடக்கும் வகுப்புகளில் பிள்ளைகள் இஷ்டத்துக்கு வந்து இஷ்டத்துக்குப் போவதைக் கேள்விப்படும்போது, நம் பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் மேல் எவ்வளவு பிடிப்பு என்று சித்ரகலாவுக்குப் பெருமையாக இருக்கும். பயந்தவனும் வருவான், பிடித்தவனும் வருவான். பதிவேட்டில் இருவருக்கும் ஒரே டிக் மார்க்தான்.

அந்தப் பிள்ளைகளில் உண்மையாகவே ஆடத் தெரிந்தவள் ஜெயபாரதி. பதின்மூன்று வயது. நெசவுக் குடும்பம், தாத்தா காலத்துத் தறி போய், இப்போது அம்மா விஜயராணி ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பந்து மட்டையில் படும் சத்தத்தை வைத்தே ஜெயபாரதி அடித்தது எது என்று சொல்லிவிடலாம். டீ நேரத்தில் கிடங்குச் சுவரில் சாய்ந்து நிற்கும் பீகார்க்காரத் தொழிலாளர்கள்கூட அவள் ஆடும்போது மட்டும் பேச்சை நிறுத்துவார்கள்.

அவளுக்குச் சிவப்பு விழுந்தது ஒரே ஒரு நாள். ஏழில் மூன்று வலையில் அடித்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். என்ன காரணமுங்க கண்ணு என்று கேட்டதற்கு, தெரியலீங்க மேடம் என்றாள். பரவாயில்லை என்று சொல்லும் பழக்கம் சித்ரகலாவுக்குக் கிடையாதே. அவசரமில்லீங்க, யோசிச்சுச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போனார். ஒன்றரை மணி நேரம் ஜெயபாரதி அங்கேயே இருந்தாள். அழவில்லை. கடைசிவரை காரணம் தெரியவில்லை. மறுநாள் பச்சை. அதற்கடுத்த நாளும் பச்சை. அப்படியே நூற்றுத் தொண்ணூறு நாள்.

மைதானத்துக்குத் தண்ணீர் விட்டு உருளை ஓட்டும் அந்தோணிராஜ் கணக்கு வைத்திருந்தார். வேலை செய்யும் ஆளுக்கு நாள் போக ஏதாவது எண்ண வேண்டுமே.

இந்த நாட்களில் மைதானத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. ஏழாவது சர்வீஸ் போட்டதும் ஜெயபாரதி குனிந்து ஷூ லேஸைக் கட்டுவாள். லேஸ் ஏற்கெனவே கட்டித்தான் இருக்கும். அவிழ்த்து மறுபடி கட்டுவாள். நிதானமாக, இரண்டு காலிலும். தினமும் இப்படி நடந்ததால் சின்னப் பிள்ளைகள் அதை ராசி என்று எடுத்துக்கொண்டார்கள். பச்சை வேண்டுமென்றால் லேஸ் கட்ட வேண்டும். கொஞ்ச நாளில் எட்டு வயதுப் பொடிசுகள்கூட ஏழாவது சர்வீஸ் போட்டுவிட்டு வரிசையாகக் குனிந்தன. சித்ரகலா அதை ரசித்தார். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரிடமும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று பெற்றோர்களிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டி. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, நிதிஷுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்த சித்ரகலாவின் கையில் பந்து தீர்ந்தது. பக்கத்தில் இருந்த டப்பாவை எடுத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய பந்து டப்பா உண்டு, இது ஜெயபாரதியுடையது. கவிழ்த்தார். மூன்று பந்து விழுந்தது. அப்புறம் ஒரு கைக்குட்டை விழுந்தது. நான்காக மடித்து, அடிப்பாகத்தின் அளவுக்குச் சரியாக வைத்திருந்த கைக்குட்டை. அதற்குள் வலி மாத்திரை அட்டை. பத்தில் எட்டு காலி.

சித்ரகலாவுக்கு முதலில் மாத்திரை கண்ணில் படவில்லை. அந்த மடிப்புதான் பட்டது. அதை எங்கே பார்த்திருக்கிறோம் என்று அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது: ராமாத்தாளின் வேஸ்ட் மூட்டையில்.

எல்லாவற்றையும் இருந்தபடியே டப்பாவில் வைத்துவிட்டுப் பார்த்தார். ஜெயபாரதி தன் ஏழு சர்வீஸைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு. உடம்பு வில்லாகப் பின்னால் வளைந்து நிமிர்ந்தது, எல்லாம் கட்டத்துக்குள். ஏழாவது விழுந்ததும் குனிந்தாள். லேஸை அவிழ்த்தாள். இந்த முறை சித்ரகலா லேஸைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். கண்ணை இறுக்க மூடியிருந்தாள். கீழ் உதடு பல்லுக்கடியில் இருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு முடிச்சுப் போட்டது. எண்ணினார்: பதினெட்டு நொடி. அவளுக்குப் பின்னால் பொடிசுகள் இரண்டு அவளைப் பார்த்துக்கொண்டே குனிந்து லேஸ் கட்டின.

எத்தனை மாதமாக இது தன் கண் முன்னால் நடந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தார். நடந்து பக்கத்தில் போனார்.

"எங்காச்சும் வலிக்குதுங்களா கண்ணு?"

"இல்லீங்க மேடம்."

"நான் டப்பாவைப் பாத்தனுங்க."

ஜெயபாரதி அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே வேலியைப் பார்த்தாள். அங்கே பலகையில் அவள் பெயருக்கு நேரே அந்தோணிராஜ் அப்போதுதான் பச்சையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"செவப்பு போட்டுருவீங்களா மேடம்?"

போட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. வலியைப் பற்றிக் கேட்கவில்லை.

அன்று மதியமே அவரும் விஜயராணியும் ஜெயபாரதியைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனார்கள். ஸ்கேன் எடுத்த படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, இளம் டாக்டர் ஒருவர் பேனா முனையால் காட்டினார். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பில், இரண்டு பக்கமும் மயிர்க்கோடு போல ஒரு கீறல். திரும்பத் திரும்பப் பின்னால் வளைவதால் வருவது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது என்றார். ஒரு நாளைக்கு எத்தனை சர்வீஸ் போடுவாள் என்று கேட்டார்.

"ஏழுங்க," என்றார் சித்ரகலா.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு ஜெயபாரதியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நூத்தம்பது" என்றாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில், துணி காயும் கொடியில் போர்வையைத் தொங்கவிட்டு, அதில் கோடு வரைந்து போடுவாளாம். காலையில் ஏழு தவறாமல் விழ வேண்டுமென்றால் மாலையில் நூற்றைம்பது போட வேண்டும் என்று அவளே கணக்குப் போட்டிருந்தாள். மகள் மாடியில் படிக்கிறாள் என்று விஜயராணி நினைத்திருந்தார். மாத்திரை விஜயராணியின் கைப்பையில் இருந்து போனது. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் கால் வலிக்காக அவர் வாங்கி வைத்திருந்தது.

மூன்று மாதம் மட்டையைத் தொடக் கூடாது, பெல்ட் போட வேண்டும், கூடிவிடும் என்று நினைக்கிறேன் என்றார் டாக்டர். கூடாவிட்டால் என்று விஜயராணி கேட்டதற்கு, ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் நகர்ந்தால் கால் மரத்துப்போகலாம் என்று ஆரம்பித்து, பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இப்போது அதெல்லாம் யோசிக்க வேண்டாம் என்று முடித்தார். யோசிக்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்த ஒன்றைத்தான் இரண்டு பெண்களும் திருப்பூர் வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தார்கள். பழனிக்கு நடந்து வருவதாக விஜயராணி பஸ்ஸிலேயே வேண்டிக்கொண்டார். இறங்கும்போது சித்ரகலாவிடம் ஒன்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது.

"உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு, எங்கிட்டயும் சொல்லலீங்க பாருங்க."

மறுநாள் காலை பலகையைக் கழற்றச் சொன்னார் சித்ரகலா. அந்தோணிராஜ் அட்டைகளைக் கட்டாகக் கட்டி, எங்கே வைப்பது என்று கேட்டார். எங்கேயாவது வைங்க என்றார். ஏழு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் முதல் கேள்வி வந்துவிட்டது: இன்னைக்கு போட்டோ வரலீங்களே மேடம்? பிறகு இன்னொருவர்: பையனுக்கு இப்ப என்ன கலருங்க? கலர் இல்லீங்க என்று சித்ரகலா எழுதினார். அந்தப் பதிலைப் பெற்றோர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள், எப்படியென்றால், வராமல் இருந்தார்கள். இருபத்தாறு பத்தொன்பதானது. ஒரு மாதத்தில் பதினொன்று. மழை பெய்தால் நான்கு. பதிவேடு முதல்முறையாக உண்மை பேசியது, கேட்கச் சகிக்கவில்லை.

கடுமையை விட்டால் அன்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைப்பவர்கள் சித்ரகலாவின் அந்த மாதங்களைப் பார்க்க வேண்டும். அவர் முன்பைவிட அதிகமாகப் பயந்தார். எந்தப் பிள்ளை குனிந்தாலும் பந்து எறிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். டப்பாக்களைத் திறந்து பார்க்கத் தோன்றியது. திறந்து பார்ப்பதும் செக்கிங்தானே என்று கையை இழுத்துக்கொண்டார். தினமும் ஒவ்வொரு பிள்ளையிடமும் எங்காவது வலிக்கிறதா என்று கேட்டார். இல்லீங்க மேடம், இல்லீங்க மேடம் என்று வரிசையாகப் பதில் வந்தது. அதே குரல், அதே வேகம். ராமாத்தாளின் மெஷினுக்கு மேல் தொங்கிய பச்சை அவருக்கு ஞாபகம் வந்தது.

உருளையை நிறுத்திவிட்டு அந்தோணிராஜ் சொன்னார்: "நீங்க கேக்கறதப் பாத்தா எனக்கே வலி நின்னுருதுங்க மேடம்."

அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்வதா என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கேட்பதை விட்டுவிட்டார். பிள்ளைகளை நிற்க வைத்து, தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொன்னார். இடது முட்டி. மறுநாள் கழுத்து. க்யூசியாக இருந்தவர் தன் குறையைத் தானே வாசிப்பதைப் பிள்ளைகள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஏதோ பொறி என்றே நினைத்தார்கள். மூன்றாவது வாரம் நிதிஷ் கையைத் தூக்கினான்.

"எனக்கு வவுறு வலிக்குதுங்க மேடம். நேத்து பரோட்டா அஞ்சு."

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும். சித்ரகலா இருக்கும்போது அந்த மைதானத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று அந்தோணிராஜ் சொல்வார். எண்ணுகிறவர் என்பதால் நம்பலாம். சித்ரகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோயம்புத்தூர் மைதானமும் பேப்பர் படிக்கும் இயக்குநரும் நினைவுக்கு வந்தார்கள். இப்படிச் சிரித்துத்தானே தோற்றோம் என்று அதற்கும் ஒரு பயம்.

ஜெயபாரதி வரவே இல்லை. மட்டையைக் கண்ணில் படாதபடி பீரோவுக்கு மேல் வைக்கச் சொல்லிவிட்டாள் என்று விஜயராணி போனில் சொன்னார். வாரம் ஒருமுறை சித்ரகலா கூப்பிடுவார். இருவரும் பெல்ட்டைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் பேசிவிட்டு வைப்பார்கள். டென்னிஸ் என்ற சொல்லை இருவருமே எடுப்பதில்லை.

நான்காவது மாதம் இரண்டாவது ஸ்கேன். இடது பக்கக் கீறல் கூடிவிட்டது. வலது பக்கம் கூடிக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது என்றார் டாக்டர். போல என்ற சொல்லைச் சித்ரகலா அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தார். மெதுவாகப் பந்தைத் தட்டலாம், ஒரு நாளைக்கு மூன்று சர்வீஸுக்கு மேல் கூடாது, வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். வலித்தால் என்று டாக்டர் சொன்னபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. வலித்தால் சொல்லுவாளா? சொல்லாவிட்டால் அந்த வலது பக்கம் என்ன ஆகும்?

அடுத்த திங்கள்கிழமை ஜெயபாரதி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சட்டைக்கு மேலே பெல்ட் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பலகை இருந்த இடத்தில் வேலிக் கம்பியின் நிறம் மட்டும் மாறித் தெரிந்தது. அடிக்கடி அதைப் பார்த்தாள். மூன்றாம் நாள் மட்டையைக் கேட்டாள். அந்த வாரம் முழுக்க, தினமும் மூன்று சர்வீஸ் போட்டாள். அவள் போட்டு முடித்ததும் தன் முட்டியைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே சித்ரகலா பக்கத்தில் போவார். ஜெயபாரதி கேட்டுக்கொள்வாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள்.

எட்டாம் நாள். சித்ரகலா இன்னொரு மைதானத்தில் பொடிசுகளோடு இருந்தார். ஜெயபாரதி மூன்றாவது சர்வீஸைப் போட்டாள்; பந்து கட்டத்தின் மூலையில் விழுந்து எழுந்தது. அவள் குனிந்தாள். லேஸில் கை வைத்தாள்.

மைதானம் நின்றது. லேஸ் கட்டுவது ராசி இல்லை என்று இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நிதிஷ் எறிந்த பந்து உருண்டு போய் வேலியில் மோதியது, யாரும் எடுக்கவில்லை. சித்ரகலா நடந்தார். ஓடக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தார். இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியில் வலது பக்க எலும்பு, மரத்துப் போன கால், கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். எதுவும் கேட்காமல் அவளுக்கு முன்னால் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

ஜெயபாரதி நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவே அவுந்துருச்சுங்க மேடம்," என்றாள்.

சித்ரகலா பார்த்தார். உண்மைதான். லேஸின் ஒரு முனை செம்மண்ணில் கிடந்தது.

அவர் மூச்சை விடுவதற்குள் ஜெயபாரதி முடிச்சைப் போட்டுக்கொண்டே, குனிந்தபடியே, லேஸிடம் சொல்வது போலச் சொன்னாள்: "ஆனா வலிக்குதுங்க. வலது பக்கம். நேத்தும் சித்த வலிச்சுது, நேத்து சொல்லலீங்க."

நான்கு மாதத்துக்கும் மேலாகச் சித்ரகலா கேட்க ஆசைப்பட்டதும் கேட்கப் பயந்ததும் ஒரே வாக்கியமாக வந்து சேர்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், அவர் எப்போதும் சொல்லும் அந்த இடது முட்டி ஒத்துழைக்கவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செரிங்க கண்ணு," என்றார். "இன்னைக்குப் போதுங்க. அம்மாவைக் கூப்படறனுங்க."

ஜெயபாரதி மட்டையை எடுத்துக்கொண்டு தானே நடந்து போய், அந்தப் பழைய பெஞ்சில் உட்கார்ந்தாள். நிதிஷ் யாரும் சொல்லாமலே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று பள்ளிக்கூட பஸ்ஸில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்ல ஆரம்பித்தான்.

சித்ரகலா உட்கார்ந்த இடத்திலிருந்தே போனை எடுத்தார். இரண்டு முறை தப்பான பெயரை அழுத்தினார். மூன்றாவது முறை விஜயராணி எடுத்தார். பின்னால் மெஷின்களின் இரைச்சல். பாப்பாவுக்கு முதுகு வலிக்குதாம், வலது பக்கம், டாக்டரிடம் இப்பவே போகலாம் என்று சித்ரகலா சொல்லி முடித்தார். மறுமுனையில் விஜயராணி இரைச்சலிலிருந்து எங்கோ ஒதுங்கி நடப்பது கேட்டது. கதவு சாத்தும் சத்தம். பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவளே சொன்னாளுங்களா?"

"ஆமாங்க. அவளேதானுங்க."